ஈரம் பட்ட கதிர்கள்

அத்தியாயம் 5

ரோக்காஸ்பீகா ஊர்ச் சிற்றாலயத்தின் பளிங்குக் கதிர்த்தாய் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக உட்கார்ந்தே இருந்தவள். எழுந்து போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே யாரோ தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்பதில் ஊரில் எவருக்கும் ஐயம் எழவில்லை. தூக்கிக்கொண்டு போனது யார் என்பதிலும் எவருக்கும் ஐயம் எழவில்லை. எர்சிலியா வஸ்ஸாலோவை உறுத்தியது இந்த இரண்டாவது செய்திதான்.

மணி பதினொன்று. மாலை நான்கு மணிக்குக் கல்தனிசெத்தா நகரில் நீதிபதியின் முன்னால் சிற்றாலயத்துக் காவலாளி ஜெர்லாந்தோ நிற்க வேண்டும். அதற்குள் வேறொரு பெயர் கிடைக்காவிட்டால் திருடன் என்ற பெயர் அவனுக்கே நிலைத்துவிடும். வேலை போகும், சிறை வரும். ஆலயத்தின் பின்னறையில் அவன் துணிப்பெட்டியைக் கட்டி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

எர்சிலியாவுக்கு ஐம்பத்தாறு வயது. கல்தனிசெத்தாவில் காய்கறிச் சந்தைக்கு மேலே ஒரு சிறு துப்பறியும் அலுவலகம் நடத்திவந்தார். அவருடைய உதவியாளன் துரி பெல்லோமோ இருபது ஆண்டுகள் டாக்ஸி ஓட்டியவன். பயணிகள் இறங்கிப் போன பின்பும் பேச்சை நிறுத்தாத பழக்கம் அந்நாளில் வந்தது. எர்சிலியாவை ஊர் வழக்கப்படி மரியாதையாக ‘டோனா’ என்றே அழைப்பான்.

“பெட்டி கட்டினவனைப் பாத்தா திருடன் மாதிரி இல்ல, டோனா எர்சிலியா. மாமியார் வீட்டுக்குக் கிளம்பின மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்” என்றான் துரி.

“வாயை மூடிக்கிட்டு அந்தச் சுவரைப் பாரு” என்றார் எர்சிலியா.

பீடத்துக்குப் பின்னிருந்த சுவர் முழுவதும் கரி படிந்து சாம்பல் நிறமாய் இருந்தது. நடுவில் மட்டும், ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் வடிவில், சுண்ணாம்பு வெள்ளையாகவே மிச்சமிருந்தது. புகை வந்தபோது சிலை அங்கே இருந்திருக்கிறது. சுவருக்குச் சேர வேண்டிய கரியைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புகையின் கதையை ஊரார் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஜூன் கடைசி வாரத்தில், தெற்கிலிருந்து அனல்காற்று வீசிய ஒரு முற்பகலில், சரிவில் தீப்பிடித்தது. ஏழு வீடுகளின் விளைந்த கோதுமை நின்ற நிலையிலேயே எரிந்துபோயிற்று. நாற்பது ஒலிவ மரங்களும் போயின. ஆலயத்தின் சுவரில் முட்டித்தான் தீ நின்றது. அன்று காலையில் தெற்கு மதிலோரம் நின்று சிகரெட் குடித்ததாகவும், துண்டை மதிலுக்கு அப்பால் எறிந்ததாகவும் ஜெர்லாந்தோ தானே சொன்னான். அதை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கத் தேவையுமில்லை. ஊர் அவனை அடிக்கவில்லை. வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்துச் சிலை காணாமற்போனபோது, கவனக்குறைவாய்த் தீ வைத்தவன் இப்போது கவனமாய்த் திருடியிருக்கிறான் என்று ஊர் முடிவு செய்தது. பூட்டு உடைபடவில்லை, சாவி அவனிடம். காவல்துறைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவனை அழைத்துப்போய் விசாரித்து, நீதிபதியின் முன் நிற்க நாள் குறித்து அனுப்பியது.

ஒருவர் மட்டும் அதை ஏற்கவில்லை. ஆலயத் திருவிழாக் குழுவின் தலைவர் லிபோரியோ ஷிபெத்தா, எழுபத்து நான்கு வயது, எரிந்துபோன நாற்பது ஒலிவ மரங்களுக்குச் சொந்தக்காரர். மூன்று நாட்களுக்கு முன் பேருந்தேறி எர்சிலியாவின் அலுவலகத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜெர்லாந்தோ திருடவில்லை என்று மட்டும் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களிடம் வந்தேன் என்று பதில் சொன்னார்.

பூட்டைப் பற்றிய மர்மத்தைத் துரி அரை நிமிடத்தில் தீர்த்துவைத்தான். வெளியே போய்ப் பூட்டிய கதவைத் தோளால் சற்று மேலே தூக்கினான். கதவு பூனை கொட்டாவி விடுவதுபோலத் திறந்துகொண்டது. ரொட்டிக் கடையில் விசாரித்தபோது, அது ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த வித்தை என்றார்கள். கடற்கரை ஊரான ஷாக்காவிலிருந்து வேலைக்கு வந்த ஜெர்லாந்தோ ஒருவனுக்குத்தான் அது தெரியாது. அவன் தினமும் இரண்டு தரம் பூட்டிச் சரிபார்த்துவிட்டுப் படுத்தான். காவல்துறையிடம் இதைச் சொன்னீர்களா என்று துரி கேட்டான். அவர்கள் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு ரொட்டிக்காரி மாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“ஆக, ஊர்ல இருக்கிற அறுநூறு பேரும் சந்தேகத்துக்கு உரியவங்க. சந்தேகமே இல்லாத ஒரே ஆளைப் பிடிச்சு உள்ள வைக்கப் போறாங்க” என்றான் துரி.

எர்சிலியா பீடத்தின் அடியில் விரித்திருந்த லினன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிர்த்தாய் ஒன்றரை முழ உயரமுள்ள வெண்பளிங்குச் சிலை. ‘செரஸ், உரோமானியரின் விளைச்சல் தெய்வம்’ என்று சுவரில் அட்டை தொங்கியது. அந்த அட்டையைப் படித்தவர்கள் வெளியூரார் மட்டுமே. சுருண்ட வலக்கை விரல்களுக்கு நடுவே ஒரு துளை. ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா திருநாளன்று ஊர்ப் பெண்கள் அந்தத் துளையில் ஒன்பது கோதுமைக் கதிர்களைச் செருகுவார்கள். அடுத்த திருநாள் வரை அவை அங்கேயே இருக்கும். பாதிரியார் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இப்போது அந்த ஒன்பது கதிர்களும் லினன் துணியின்மேல் வரிசையாகக் கிடந்தன. எறியப்பட்டவை அல்ல, உறங்கும் குழந்தைகளைப்போலப் படுக்க வைக்கப்பட்டவை. ஒரு மணிகூட உதிரவில்லை.

எர்சிலியா ஒரு கதிரை எடுத்துத் துரியின் மூடிய கைக்குள் நுழைத்து, மெல்ல உருவச் சொன்னார். பதினோரு மாதம் காய்ந்த கதிர் அது. பாதி வருவதற்குள் நொறுங்கி, மணிகள் தரையெங்கும் தெறித்தன.

“போச்சு. கதிர்த்தாயோட சாபம் இனி என் தலைமேல” என்றான் துரி. “எட்டு மிச்சமிருக்கு. எண்ணிக்கையை யார் சரிபாக்கப் போறாங்க?”

“ஒண்ணே உன் கையில தாங்கல. அவன் ஒன்பதை உருவியிருக்கான், துரி. பளிங்குத் துளையிலேர்ந்து. ஒண்ணும் சிந்தல.” எர்சிலியா துணியைச் சுட்டினார். கதிர்கள் கிடந்த இடத்தைச் சுற்றி, வைக்கோல் நிறத்தில், ஒரு வெளிறிய வளையம் படிந்திருந்தது. நீர் உலர்ந்த கறை.

கூரை ஒழுகுமா என்று பின்னறைக்குப் போய்க் கேட்டார்கள். ஏப்ரலுக்குப் பிறகு மழையே இல்லை என்றான் ஜெர்லாந்தோ. சிலையின் முகத்தில் கரி படிந்ததைப் பற்றி நகரத்து அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதியதாகவும், செப்டம்பரில் சுத்தம் செய்ய ஆள் வரும்வரை துணியால்கூடத் தொடக் கூடாது என்று பதில் வந்ததாகவும் சொன்னான். தான் தொடவில்லை என்றான். ஏன் தனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று எர்சிலியா கேட்டார்.

“நான் எடுக்கல, டோனா. ஆனா தண்டனை வந்தா வேணாம்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஏழு வீட்டு ரொட்டியை எரிச்சவன் நான். இதுக்கு இல்லன்னாலும், அதுக்குன்னு வெச்சுக்கறேன்.”

துரி அவனருகே பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அவர்கள் பீடத்தருகே திரும்பியபோது லிபோரியோ வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றினார். வெற்றுப் பீடத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். எர்சிலியா அவரிடம் வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அறுவடைக்காரர்கள் ஏன் பொழுது விடியுமுன்பே வயலுக்குப் போனார்கள் என்று கேட்டார்.

பனிக்காக, என்றார் லிபோரியோ. பனி ஈரம் இருக்கும்வரை கதிர் மணியை விடாது. வெயில் ஏறி ஈரம் போய்விட்டால் அரிவாள் பட்டதும் உதிரும். நேரமாகிவிட்ட நாளில் வாளியில் நீர் கொண்டுபோய்க் கையால் தெளித்து, சற்றுப் பொறுத்து, அப்புறம் அறுப்பார்கள். இயந்திரம் வந்தபின் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

“கடற்கரைக்காரனுக்கு?” என்று கேட்டார் எர்சிலியா.

“அவங்களுக்கு மீனுக்குத் தண்ணி தெளிக்கத் தெரியும்.”

எர்சிலியா கறையைக் காட்டினார். திருடன் வருகிறான்; அவசரத்தில் இருக்கிறான்; ஆனாலும் நீரைத் தெளித்து, கதிர் நெகிழும்வரை காத்திருந்து, ஒன்றையும் உதிர்க்காமல் எடுத்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் சிலையைத் தூக்குகிறான். மணி சிந்தினால் பாவம் என்று கைக்கே தெரிந்த ஒருவன். இந்த ஊரில் அரிவாள் பிடித்து அறுத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?

லிபோரியோ தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். “மூணு பேரு. சிச்சோவுக்குக் கண்ணு தெரியாது, மக வீட்டுல கத்தானியால இருக்கான். பாவோலினோ இடுப்பு ஒடிஞ்சு ஈஸ்டர்லேர்ந்து படுக்கையில.”

“மூணாவது?”

“நான்தான்.”

துரி வாய்விட்டுச் சிரித்தான். துப்பறிய ஆள் வைத்துவிட்டுத் தன் பெயரையே பட்டியலில் சேர்க்கும் மனிதரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னான். லிபோரியோ சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டரை ஆகிறது, வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட வேண்டும் என்று இருவரையும் அழைத்தார்.

அவருடைய வீடு சரிவின் கீழே இருந்தது. வண்டிப்பாதை எரிந்த நிலத்தை ஒட்டிச் சென்றது. முதலில் எரிந்த ஒலிவ மரங்கள், கைவிரித்து நின்ற கரிக்கட்டைகள். அவற்றுக்கும் கீழே லிபோரியோவின் கோதுமை நிலம். ஊரிலேயே முதலில் அறுவடையான நிலம் அது என்று அவரே சொன்னார். தீ வந்தபோது அங்கே அறுத்து மிஞ்சிய வெறும் அடித்தாள்தான் நின்றது. துரி தன் புதுக் காலணி கறுப்பதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே நடந்தான். எர்சிலியா நிலத்தின் ஓரத்தில் சற்று நின்றார். வரப்பை ஒட்டி, நிலத்தைச் சுற்றிலும், நான்கு அடி அகலத்துக்கு ஒரு பட்டை உழப்பட்டிருந்தது. கால் நுனியால் சாம்பலை ஒதுக்கினார். சாம்பலுக்கு அடியில் உழவுசால் இருந்தது. இன்னொரு இடத்திலும் ஒதுக்கிப் பார்த்தார். அங்கும் அப்படியே. பிறகு நடையைத் தொடர்ந்தார்.

லிபோரியோ மனைவியை இழந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சமையலறை ஒழுங்காக இருந்தது. சுவரில் செம்புப் பாத்திரங்கள் பளபளத்தன. சுரைக்கொழுந்து போட்ட பாஸ்தாவும், பாலாடைக் கட்டியும், கறுப்பு ஒலிவக் காய்களும் மேசைக்கு வந்தன. துரி இரண்டு தட்டுக் காலி செய்துவிட்டு, குடிக்கும் நீரில் பிழிந்துகொள்ள ஓர் எலுமிச்சைத் துண்டு கேட்டான்.

“எனக்குப் புளிப்பு ஆகாது. வயித்துப் புண்ணுன்னு டாக்டர் நிறுத்தி பத்து வருஷமாச்சு. தக்காளிகூடத் தொடறதில்ல” என்றார் லிபோரியோ. சற்று நிறுத்திச் சொன்னார்: “கை கழுவணும்னா பின்பக்கம் தொட்டி இருக்கு, தம்பி. அங்க போய்ப் பாரு.”

துரி போனான். திரும்பி வந்தபோது அவன் கையில், வெயிலில் காய்ந்து மரக்கட்டைபோல் ஆன ஓர் எலுமிச்சை மூடி இருந்தது.

“தொட்டிக்குப் பின்னாடி ஒரு எலுமிச்சைப் பட்டாளமே செத்துக் கிடக்குது. அறுபது, எழுபது மூடி இருக்கும். எல்லாம் ஒட்டப் பிழிஞ்சது. வயித்துப் புண்ணுக்காரர் வீட்டுல இவ்வளவையும் குடிச்சது யாரு?”

எர்சிலியா சுவரிலிருந்த செம்புப் பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு லிபோரியோவைப் பார்த்தார். அவர் கண்களைத் தாழ்த்தவில்லை. மேசைக்கு அப்பாலிருந்து, வைத்தியரின் வாயைப் பார்க்கும் நோயாளியைப்போல, காத்திருந்தார்.

“டோன் லிபோரியோ, அவளுக்கு எலுமிச்சை ஒத்துக்கிச்சா?”

கிழவரின் தோள்கள் ஒரு விரல் அளவு தாழ்ந்தன. இறக்கி வைக்க இடம் கிடைத்த சுமைகாரனின் தோள்கள் அப்படித்தான் தாழும்.

“ஒத்துக்கல” என்றார்.

தானியக் கிடங்கின் மூலையில், படுக்கை விரிப்பு சுற்றி, அவள் உட்கார்ந்திருந்தாள். லிபோரியோ விரிப்பை நீக்கினார். உடல் அப்படியே இருந்தது. மடியின் மடிப்புகளில் இன்னும் கரி ஒட்டியிருந்தது. முகம் மட்டும் வெளுத்திருந்தது. வெளுத்தது மட்டுமல்ல. மழையில் வைத்த சர்க்கரைப் பொம்மைபோல மூக்கின் நுனியும் உதடுகளின் ஓரமும் மழுங்கி, கன்னம் சொரசொரத்துக் கிடந்தது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் செய்யாததை ஒரு கூடை எலுமிச்சை ஒரு பிற்பகலில் செய்திருந்தது.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. தீக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் முன்னால் மண்டியிட்டபோது, கன்னத்தில் வழிந்திருந்த கரியைப் பார்க்க அவரால் முடியவில்லை. செப்டம்பர்வரை பொறுக்க இயலவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, ஊர் முழுவதும் சன்னலை மூடி உறங்கும் நேரத்தில், கைவண்டியில் வைக்கோலுக்கு அடியில் அவளைக் கொண்டுவந்தார். கழுவி, மாலை மணியடிப்பதற்குள் திரும்ப வைத்துவிடுவதாக எண்ணம். செம்பின் கரியை எலுமிச்சை எடுக்கும். கல்லின் கரியையும் எடுக்கும் என்று நினைத்தார். பளிங்கைப் புளிப்பு தின்னும் என்று எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லியிருப்பாள். இந்த வீட்டில் சொல்ல ஆள் இல்லை. கரி போயிற்று என்று மகிழ்ந்து இன்னும் தேய்த்தார். துடைத்துப் பார்த்தபோது முகமும் போயிருந்தது.

“அதுக்கு மேல எப்படிக் கொண்டுபோய் வைக்கறது? மறுநாள் காலையில ஜெர்லாந்தோவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன்” என்றார்.

“அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?” துரி உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

“என் வாயால சொல்ல வரல, தம்பி. காவல் நிலையம்வரைக்கும் மூணு தரம் போய்த் திரும்பினேன். யாராவது கண்டுபிடிச்சுட்டா, நான் சொல்ல வேண்டியதில்லைன்னு நினைச்சேன்.”

ஒரு பழங்கதை உண்டு: நரி ஒன்றின் வாலில் தீப்பற்றியது. குளமோ வயலுக்கு அப்பால் இருந்தது. பாதை வழியாகப் போனால் மற்ற விலங்குகள் பார்த்துச் சிரிக்கும் என்று வெட்கப்பட்டு, அது விளைந்த வயலின் நடுவே ஒளிந்து ஓடியது. குளத்தில் இறங்கியதும் வால் அணைந்தது. நிம்மதியோடு திரும்பிப் பார்த்தால், வயல் இல்லை. வெட்கம் மனிதனை நடத்திச் செல்லும் வழியும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. லிபோரியோ நல்லவர்தான்; அதனால் அந்த வழியின் சேதம் குறைந்துவிடவில்லை.

சிலையைத் துரியின் காரில் ஏற்றினார்கள். பின்னிருக்கையில் லிபோரியோ அவளைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துரி ஏதோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டான்.

எரிந்த நிலத்தருகே கார் ஏறும்போது எர்சிலியா திரும்பாமலே பேசினார்.

“நீதிபதி அலுவலகத்துக்குச் சிலையைப் பத்தி நான் போன் பண்ணிச் சொல்றேன். அது என் வேலை. இன்னொண்ணு இருக்கு, டோன் லிபோரியோ. அதை நான் கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை வேற யாரும் உங்களுக்காகச் சொல்லப் போறதில்ல.”

பின்னிருக்கையில் லிபோரியோ எரிந்த நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்லாந்தோ பெட்டியின்மேல் அதே இடத்தில் இருந்தான். சிலை உள்ளே வந்ததும் எழுந்தான். அதன் முகத்தைப் பார்த்தான். அவனும் லிபோரியோவுமாகத் தூக்கிப் பீடத்தில் வைத்தார்கள். சுவரில் இருந்த வெள்ளை வடிவத்துக்குள் அவள் பிசகாமல் பொருந்தினாள்.

லிபோரியோ நின்றபடியே சொன்னார். எடுத்தது தான் என்றார். எலுமிச்சையைப் பற்றியும், வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்துத் தலைகுனிந்தார்.

ஜெர்லாந்தோவின் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்ப்பது கடினமாக இருந்தது என்று துரி பின்னாளில் சொன்னான்.

“அவ்வளவுதானா, டோன் லிபோரியோ? இதுக்கா இப்படி நிக்கறீங்க? உங்க நாப்பது மரத்தை எரிச்சுட்டு வந்து உங்க வாசல்ல நின்னேன். நீங்க என் தோள்ல கை வெச்சு, போப்பா, மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்க. ஏழு வீட்டுலயும் கதவைச் சாத்தினாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ள கூப்பிட்டு ஒயின் குடுத்தீங்க. அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு விஷயமா? கணக்குத் தீந்துபோச்சு, விடுங்க.”

எர்சிலியா மணி பார்த்தார். இரண்டே கால். பிறகு கதவருகே போய், வெளியே பார்த்தபடி நின்றார். துரி தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தீரல” என்றார் லிபோரியோ.

அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

“உன் சிகரெட்டு இல்ல, மகனே. அறுத்து மிஞ்சின தாளை எரிக்கறதுக்கு முன்னாடி நிலத்தைச் சுத்தி உழுது விடுவோம், தீ தாண்டாம இருக்க. மொத நாளே உழுது வெச்சேன். காலையில கொளுத்தினேன். காத்து அடிக்கும்னு தெரியும். தெற்குக் காத்து நாள்ல கொளுத்தக் கூடாதுன்னு என் அப்பன் ஆயிரம் தரம் சொல்லியிருக்கான். அரைமணி நேரத்துல முடிச்சுடலாம்னு நினைச்சேன். தாண்டிடுச்சு. மில்லுக்குப் போயிருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அடுத்த நாள், நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது, நீ வந்து என் வாசல்ல நின்னே.”

துரிக்கு இப்போதுதான் எர்சிலியா சாம்பலை ஒதுக்கிப் பார்த்தது விளங்கியது. உழவுசாலின் மேல் சாம்பல் கிடந்தது. தீக்கு முன்பே உழுதவர், தீ வரும் என்று அறிந்தவர்.

“நீ அழுதே. நான் உன்னை மன்னிச்சேன்.” என்றார் லிபோரியோ. “உன் கையில ஒயின் குடுத்தேன்.”

ஜெர்லாந்தோ மெல்லப் போய்ப் பீடத்தின் படியில் உட்கார்ந்தான். கோபத்தைத் தேடுபவனின் முகம்போல இருந்தது அவன் முகம். அது கைக்கு அகப்படாமல், மூன்று வாரமாய்த் தான் சுமந்ததை இறக்கவும் தெரியாமல், தன் வெறுங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிழவர் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு அவன் கேட்டான்: “அந்த ஏழு வீட்டுக்கும் யாரு போய்ச் சொல்றது?”

“நீ கூட வந்தா...” என்று தொடங்கினார் லிபோரியோ.

“நான் தனியாத்தான் போனேன்” என்றான் ஜெர்லாந்தோ.

சொன்னதில் வன்மம் இல்லை. ஒரு வழியை விசாரித்தவனுக்கு, நடந்து பார்த்தவன் சொல்லும் குரல் அது.

லிபோரியோ தலையசைத்தார். ஆலயத்தை விட்டு இறங்கி, வெயில் நிறைந்த தெருவில் நடந்தார். உறங்கும் ஊரில் அவருடைய காலடி ஓசை மட்டும் கேட்டது. துரி பின்தொடர ஓரடி வைத்தான். எர்சிலியா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுகையால் போனை எடுத்து நீதிபதியின் அலுவலக எண்ணை அழுத்தினார்.

அந்த ஏழில் முதல் வீட்டின் கதவை லிபோரியோ தட்டினார். சன்னல் ஒன்று திறந்து மூடியது. நடுவயதுப் பெண் ஒருத்தி, தூக்கம் கலையாத கண்களோடு கதவைத் திறந்தாள். வந்திருப்பவர் யாரென்று கண்டதும் அவசரமாய்த் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அவளுடைய பணிவான குரல் ஆலயப் படிவரை கேட்டது.

“நீங்களா? வெயில்ல நிக்காதீங்க, டோன் லிபோரியோ. உள்ள வாங்க, உள்ள வந்து உக்காருங்க.”

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே போகவில்லை.